கால்வாய் குதிக்கும் இடம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு மாலை அவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஏதோ ஓர் ஊரின் கால்வாயில் இரும்புச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. கரையில் வரிசையாக விளக்குகள் எரிகின்றன. "தம்பி, நம்ம ஊர்ல பக்கிங்காம் கால்வாய் இருக்கு, ஓட்டேரி நல்லா இருக்கு, கூவம் இருக்கு. இந்த மாதிரி ஒன்னு வெச்சா நம்ம தெருவிளக்காவது எரியாதா?" என்று கேட்டார். சிறிய டர்பைன்களோடும் கால்வாய் அளவீடுகளோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ஆயினும் வாசற்படியில் நின்று இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை என்பதால் அவரை அழைத்துக்கொண்டு வில்லிவாக்கம் பக்கத்தில் ஓட்டேரி நல்லாவைக் கடக்கும் ஒரு பாலத்துக்குப் போனேன்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காய்ந்த இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, பத்து மீட்டர் தொலைவை அது எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்த்தோம், முப்பதைத் தாண்டியது. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டர் வேகம். ஓடும் நீரின் வேகத்தை மட்டும் நம்பிச் சக்கரம் வைக்கும்போது, கிடைக்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பைக் கடக்கும் நீரில் இருப்பது 13.5 வாட் மட்டுமே. அதிலும் இயற்கை விதி எடுக்க விடுவது அதிகபட்சமாக 59 விழுக்காடு. எனவே எவ்வளவு நேர்த்தியான சக்கரம் வைத்தாலும் 8 வாட்டைத் தாண்ட முடியாது, அது ஒரு சாதாரண எல்இடி பல்புக்கே போதாது. நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நன்றாக ஓடும் கால்வாயிலும் ஒரு சதுர மீட்டருக்கு நடைமுறையில் 150 முதல் 200 வாட் வரைதான் எடுக்கலாம். அதற்காக ஓட்டத்தின் குறுக்கே பொருளை நிறுத்தினால் மேல்பக்கம் நீர்மட்டம் உயரும், கரையின் பாதுகாப்பு உயரம் குறையும், மழைநீர் வடிய வேண்டிய கால்வாய் வடியாமல் நிற்கும். 2015 டிசம்பரைக் கண்ட ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பக்கிங்காம் கால்வாயின் கதையும் இதுதான். நெல், உப்பு, விறகு ஏற்றிய படகுகள் போவதற்காக 1806-இல் தொடங்கிப் பல கட்டங்களாக வெட்டப்பட்ட அந்தக் கால்வாய், கடலை ஒட்டி, கடல் மட்டத்துக்கு நெருக்கமாகவே செல்கிறது. படகு போக வேண்டுமானால் நீர் சமமாக நிற்க வேண்டும்; அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் சரிவே வேண்டாம் என்றுதான் வெட்டினார்கள். மின்சாரத்துக்கு வேண்டியதோ இறக்கம். சென்னையின் கால்வாய்களில் அது இல்லை. ஆசிரியர் ஐயா சற்று வருத்தத்தோடு, "அப்போ அந்த வீடியோ பொய்யா?" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. இறக்கம் இருக்கும் கால்வாயில் அது முழு உண்மை. அப்படிப்பட்ட கால்வாய்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கின்றன என்பதனாலும், அவற்றின் இறக்கங்களை நாம் இன்னும் ஒழுங்காகக் கணக்கெடுக்கவில்லை என்பதனாலும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பாசனக் கால்வாய் ஒன்றின் கரையோடு நீண்ட தூரம் நடந்தவர்களுக்குத் தெரியும்: வெகு தூரம் அமைதியாக ஓடிவரும் நீர் திடீரென ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கோ இடுப்பளவுக்கோ குதித்து, கீழே நுரைத்துச் சுழன்று, மறுபடி ஒன்றும் நடவாததுபோல் ஓடும். நிலம் கால்வாயைவிட வேகமாகச் சரிகிறது. நிலத்தின் சரிவையே கால்வாய்க்கும் கொடுத்தால் நீர் விரைந்தோடி அடிமண்ணை அரித்துவிடும். ஆகவே பொறியாளர் கால்வாய்க்கு மிகச் சிறிய சரிவைக் கொடுத்து, மீதி உயரத்தை ஆங்காங்கே படிபோல ஒரே இடத்தில் இறக்கிவிடுகிறார். இந்த இடங்களைத் துறைக்காரர்கள் 'டிராப்' என்றே சொல்வார்கள். டிராப்பின் அடியில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நட்டிருப்பார்கள். விழும் நீர் அவற்றில் மோதித் தன் வேகத்தை இழக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்க்கால்வாயின் தரையைத் தோண்டிவிடும். மோதி இழக்கும் அந்த ஆற்றல் எங்கே போகிறது? கொஞ்சம் ஓசையாகப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பமாகிறது. இரண்டு மீட்டர் விழும் நீர் ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்குகூடச் சூடாவதில்லை. கையை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்தத் தெரியாத வெப்பத்தின் அளவைப் பாருங்கள். நம் செய்தித்தாள்கள் சொல்லும் கணக்கிலேயே விநாடிக்கு 1,000 கன அடி நீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அது 28.3 கன மீட்டர், அதாவது ஒவ்வொரு விநாடியும் 28 டன்னுக்கு மேற்பட்ட எடை. மணல் நிரப்பிய பெரிய டிப்பர் லாரி ஒன்று விநாடிக்கு ஒருமுறை இரண்டு மீட்டர் பள்ளத்தில் விழுவதுபோல. இந்த வீழ்ச்சியில் இருப்பது ஏறத்தாழ 555 கிலோவாட். டர்பைன், ஜெனரேட்டர் ஆகியவற்றின் இழப்புகளைக் கழித்து 80 விழுக்காடு என்று கொண்டால் 440 கிலோவாட் கைக்கு வரும். 120 நாள் நீர் திறக்கும் ஒரு பாசனப் பருவத்தில், முறைவைத்து நீர் குறையும் நாட்களையும் கழித்து மூன்றில் இரண்டு பங்குதான் ஓடியது என்று எடுத்துக்கொண்டாலும், 8 லட்சம் யூனிட்டுக்கு மேல் ஆகிறது. மாதம் 200 யூனிட் செலவிடும் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளின் ஓராண்டுத் தேவை அது. புதிய அணை வேண்டாம், காடு மூழ்காது, ஒருவரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. நீரும் ஒரு சொட்டுக் குறையாமல் அதே கால்வாயில் அதே வயலுக்குப் போகிறது.

இது புதிய எண்ணமும் அல்ல. ஹரித்துவாரில் தொடங்கும் கங்கைக் கால்வாய் 1854-இல் திறக்கப்பட்டது. அதை அமைத்த புரோபி காட்லி கால்வாய்க்குக் கொடுத்த சரிவு சற்று மிகையாகிப்போனதால் அடித்தளம் அரிக்கப்பட்டது. வளைந்த முகடுகொண்ட அவருடைய டிராப்களும் சேதமடைந்து, பின்னாளில் திருத்திக் கட்டப்பட்டன. அந்தக் குறைகளைக் கடுமையாக எடுத்துச் சொன்னவர் நமக்கு நன்கு தெரிந்த ஆர்தர் காட்டன். 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியவர். இரண்டு பெரிய பொறியாளர்களுக்கிடையே எழுந்த அந்த வாதத்தின் மையத்தில் இருந்தது, கால்வாய் எங்கே எவ்வளவு இறங்க வேண்டும் என்ற கேள்விதான். அடுத்த நூற்றாண்டில், 1920களில் தொடங்கி, வில்லியம் ஸ்டாம்ப் என்ற பொறியாளரின் முயற்சியால் அதே டிராப்களின் ஓரமாக மின்நிலையங்கள் எழுந்தன. இன்று அந்தக் கால்வாயில் பாத்ரியில் 20.4 மெகாவாட், முகமதுபூரில் 9.3, நிர்காஜ்னியில் 5, சிதௌராவிலும் சலாவாவிலும் தலா 3, போலாவில் 2.7 மெகாவாட் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. என்னை மிகவும் கவர்வது அந்த மின்சாரம் எதற்குப் போனது என்பதுதான். கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளை இயக்க அது போயிற்று. கீழே இறங்கும் நீர், நிலத்தடியில் கிடந்த நீரை மேலே தூக்கிவிட்டது.

நம் பக்கத்தில் இதற்கு மிகப்பெரிய எடுத்துக்காட்டு பெரியாறு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பியது மதுரைச் சீமையின் பாசனத்துக்காக மட்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த நீர் மலைச்சரிவில் சும்மா விழுந்துகொண்டிருந்தது. 1950களின் இறுதியில்தான் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. தலா 35 மெகாவாட் கொண்ட நான்கு பொறிகள் வந்தன. பவானிசாகரில் ஆற்று வழியில் 8 மெகாவாட், கால்வாய் வழியில் 8 மெகாவாட். வைகை அணையில் 6, அமராவதியில் 4, சாத்தனூரில் 7.5 என்று அணைகளின் காலடியில் நிலையங்கள் பின்னர் வந்தன. நம் செய்தித்தாள்கள் இவற்றில் சிறியவற்றைச் 'சிறுபுனல் மின்நிலையம்' என்று எழுதுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. கவனித்தால் ஒன்று புலப்படும்: அணையின் காலடியைப் பெரும்பாலும் பயன்படுத்திவிட்டோம். அணையை விட்டு நீர் புறப்பட்ட பிறகு, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடும் வழியெல்லாம் அது குதிக்கும் சிறிய இடங்களைத்தான் விட்டுவைத்திருக்கிறோம். கீழ்பவானிக் கால்வாய் மட்டுமே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளம். தலைமதகில் விநாடிக்கு 2,300 கன அடி வரை எடுக்கிறது.

அப்படியானால் ஏன் இன்னும் செய்யவில்லை என்பது அடுத்த கேள்வி. பணம் ஒரு காரணம். குறைந்த உயரத்தில் நிறைய நீர் என்றால் பொறி பெரிதாக இருக்க வேண்டும், மெதுவாகச் சுழலும், ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் இரும்பு அதிகம். ஆர்க்கிமிடிஸ் திருகு என்ற பொறி இரண்டு மூன்று மீட்டர் இறக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. நிமிடத்துக்கு முப்பது நாற்பது சுற்றுதான் சுழலும், இலைதழைகளையும் சிறு மீன்களையும் தடையில்லாமல் விட்டுவிடும். ஆனால் ஒரு திருகு தாங்கும் நீர் விநாடிக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர். பெரிய கால்வாயில் இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைக்க வேண்டும், அல்லது கப்பலின் உந்துவிசிறி போன்ற இதழ்கள் கொண்ட, குழாய்வடிவக் கப்லான் பொறிக்குப் போக வேண்டும். இவையெல்லாம் தீர்க்கக்கூடிய கணக்குகள். எனக்குத் தெரிந்தவரை உண்மையான தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேற்கு மாவட்டம் ஒன்றில், ஊரையும் கால்வாயையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு டிராப்பின் பக்கவாட்டில் சிறிய தனியார் மின்நிலையம் இயங்கிவந்தது. பொறி ஓடும்போது கால்வாய் நீர் முழுவதும் அதன் வழியே போகும். பழைய டிராப் வறண்டு கிடக்கும். மின்கம்பியில் தடை ஏற்பட்டுப் பொறி நின்றுவிட்டால், பக்கத்திலுள்ள ஷட்டர் தானாகத் திறந்து நீர் பழையபடி டிராப்பில் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இரவு மின்தடை வந்தது, பொறி நின்றது, ஷட்டர் திறக்கவில்லை. மேலிருந்து மிதந்து வந்த வாழைத்தண்டும் சேலைத் துணியும் அதன் பள்ளத்தில் சிக்கி அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. நிலையத்தில் இருந்த ஒரே பணியாளர் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் ஆள் தேடிக்கொண்டிருந்தார். மேல்பக்கம் நீர் ஏறத் தொடங்கியது.

அதைக் கண்டுபிடித்தவர் நானூறு மீட்டர் தள்ளி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த லஸ்கர். கால்வாய்க் கரையைக் காத்து, மதகு திறந்து மூடும் கடைநிலை ஊழியரை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். மறுநாள் பழுதைப் பார்க்கப் போன என்னிடம் அவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "மிசின் சத்தம் நின்னுச்சுங்க சார். நின்னா தண்ணி விழற சத்தம் வரோணுமில்லைங்க? அது வரலீங்க. ரெண்டும் இல்லீன்னா தண்ணி எங்கியோ நிக்குதுன்னு அர்த்தம். அதான் எந்திரிச்சு ஓடியாந்தேன்." அவரும் பக்கத்துத் தோட்டத்து விவசாயிகள் இருவரும் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றிப் பழைய அவசர மதகைத் திறந்திருக்கிறார்கள். அப்போது கரையின் விளிம்புக்கு ஒரு சாண் இடைவெளிதான் இருந்ததாம். நான் போனபோது கரையின் உட்சரிவில் நனைந்த கோடு அந்த உயரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கரை உடையவில்லை. ஆனால் கடைமடைப் பக்கம் ஐந்து மணி நேரம் நீர் போகவில்லை. அந்த ஐந்து மணி நேரம் யாருடைய முறையோ, அவருக்கு அந்த வாரத் தண்ணீர் போயிற்று. அடுத்த முறைவரை பயிர் காய வேண்டியதுதான். மின்நிலையத்தின் இழப்பு கணக்குப் புத்தகத்தில் பதிவாகியது, விவசாயியின் இழப்பு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதன் பிறகு அந்தப் பகுதியில் இன்னொரு டிராப்பைப் பார்க்க நாங்கள் அளவுக்கருவியோடு இறங்கியபோது, பாசன சபையின் தலைவர் எங்களை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்து, "வேண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

நான் கற்றுக்கொண்டதை நேராகச் சொல்கிறேன். கால்வாய் நீர் பயிருக்கும் குடிநீருக்கும் உரியது. மின்சாரம் அந்த நீர் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போவதை வாங்கிக்கொள்ள வேண்டுமே தவிர, நீரைத் தன் வசதிக்காக ஒரு நிமிடம் நிறுத்தவோ திருப்பவோ கூடாது. இதை ஒப்பந்தத்தில் எழுதிவைத்தால் போதாது, கட்டடத்திலேயே எழுதிவைக்க வேண்டும். நம் முன்னோர்களின் ஏரிகளில் கலிங்கு இருக்கிறது. நீர் நிறைந்ததும், எவர் கையும் படாமல், எந்த ஷட்டரும் தூக்கப்படாமல், தானே வழிந்து போகும் கல்வரம்பு அது. கால்வாய் மின்நிலையத்தின் பக்கத்திலும் அதுபோல நகரும் பாகம் எதுவுமில்லாத நீண்ட வழிந்தோடு சுவர் ஒன்றைக் கட்டிவிட்டால், பொறி நின்ற அடுத்த நிமிடங்களில் நீர் ஒரு சாண் உயர்ந்து தானாகவே டிராப்பில் விழத் தொடங்கும். மின்சாரத்தையோ மோட்டாரையோ ஆளையோ அது நம்பியிருக்கவில்லை. செலவு கூடும், இடம் கூடுதலாக வேண்டும், இறக்கத்தில் சில சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க வேண்டியும் வரும். அந்தச் செலவைத் தாங்க முடியாத இடத்தில் நிலையம் கட்டக் கூடாது என்பது என் கருத்து. இந்தக் கருத்துக்காக ஒரு திட்டத்திலிருந்து நான் விலகியிருக்கிறேன், அதற்கு வருந்தவில்லை.

இன்னொன்று குப்பை. பொறிக்குள் எதுவும் நுழையாமல் இருக்க முன்னால் இரும்புக் கம்பிகளால் ஆன சல்லடை வைப்பார்கள். ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, தெர்மோகோல், கோயில் மாலைகள், தண்ணீர் பாட்டில்கள் என எல்லாம் அதில் வந்து படியும். ஒருமுறை ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் சல்லடையின் இரு பக்கமும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்; நீர்மட்டத்தில் 40 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. மொத்த இறக்கமே இரண்டு மீட்டர் இருக்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் குப்பையிலேயே போய்விட்டது. பெரிய அணையில் இதே 40 சென்டிமீட்டர் போனால் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். தாழ்ந்த இறக்கத்தில் அது இலாபத்துக்கும் இழப்புக்கும் இடையிலான கோடு. எனவே இத்தகைய நிலையத்தின் உயிர் டர்பைனில் இல்லை, நாளுக்கு இருமுறை சல்லடையைச் சுத்தம் செய்யும் அந்த ஊர்க்காரரின் கையில் இருக்கிறது. அவருக்கு நிரந்தரச் சம்பளம் ஒதுக்காத திட்ட அறிக்கை எதையும் நான் நம்புவதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சென்னையில் ஓடும் கால்வாய்களில் இறக்கம் இல்லை என்றேன்; ஆனால் சென்னைக்கு வரும் நீரில் இறக்கம் இருக்கிறது. கிருஷ்ணா நீர் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் வந்து ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்டில் தமிழக எல்லையைத் தொட்டு, மேலும் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி ஏரியில் சேர்கிறது. முதல்முறை அது பூண்டியை எட்டியது 1996-இல். புழல் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம்வரை நீர் தன் எடையாலேயே வரும்படிதான் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அமைத்தார்கள். இந்த நகரத்தின் தண்ணீர் வரலாறு, இறக்கத்தை மதித்துப் பயன்படுத்தியவர்களின் வரலாறுமாகும்.

ஆந்திராவுடன் செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு நமக்கு உரிய கிருஷ்ணா நீர் 12 டிஎம்சி. எல்லா ஆண்டும் அது முழுதாக வருவதில்லை. முழுதாக வந்தால் 34 கோடி கன மீட்டர். அந்த நீர் முழுவதும் வழியில் எங்காவது ஒரு மீட்டர் இறங்குகிறது என்றால், அந்த ஒரு மீட்டரில் 80 விழுக்காட்டுத் திறனில் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 7.4 லட்சம் யூனிட். இந்த எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் வேறோர் எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. மீஞ்சூரில் 2010-இல் தொடங்கியதைப் போன்ற, நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொண்டால், கால்வாயின் ஒரு மீட்டர் இறக்கம் ஓராண்டு முழுவதும் தரும் மின்சாரம் அதற்கு இரண்டு நாளைக்குத்தான் வரும். நான் இதை மறைக்க விரும்பவில்லை. கால்வாய் மின்சாரம் சென்னையின் தேவையைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் போடவில்லை என்று பொருள்.

ஆனால் இதே கணக்கு மறுபுறமும் பேசுகிறது. ஆற்று நீரும் ஏரி நீரும் இறக்கத்தில் வருவதால் நமக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்பதை அது காட்டுகிறது. நெம்மேலி போன்ற கடல்நீர் நிலையங்களிலிருந்து வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் பின்னால் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. புதிய கடல்நீர் நிலையங்களிலேயே, வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை வீணாக்காமல் உள்ளே வரும் நீருக்கு மாற்றிக்கொடுக்கும் கருவிகள் உண்டு. கால்வாய் டிராப்பில் செய்ய நினைப்பதும் அதே வேலைதான்: ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவது. அதுவும், சூரிய மின்சாரம் மாலை ஆறு மணிக்கு மறைந்த பிறகும் கால்வாய் இரவு முழுவதும் ஓடுகிறது. நீர் திறந்திருக்கும் நான்கு மாதமும் அது மதகடியில் உள்ள கிராமத்து மின்பாதைக்கே, நெடுந்தொலைவு கம்பியில் இழக்காமல், மின்சாரம் கொடுக்கும். மதகு ஷட்டர்களின் மோட்டாருக்கும், நீர்மட்டம் காட்டும் கருவிகளுக்கும், கரையில் இரவில் நடக்கும் லஸ்கருக்கு ஒரு விளக்குக்கும் கொடுத்த பிறகும் மிஞ்சும்.

2012-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பாசனத்தை நடத்தும் அரசுத் துறை தன் கால்வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு பட்டியல் வெளியிட்டது. குறைந்தது ஐந்து அடி இறக்கம், ஆண்டில் நான்கு மாதமாவது ஓட்டம் என்று வரம்பு வைத்துக்கொண்டு 373 கால்வாய்களைக் கண்டார்கள், ஆண்டுக்கு 36.5 கோடி யூனிட் எடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே, ஏற்கெனவே உள்ள கால்வாயிலும் குழாயிலும் அமையும் சிறு நிலையங்களுக்கு அனுமதி நடைமுறையை எளிதாக்கிச் சட்டம் வந்தது. இந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன்: முதலில் அளந்தார்கள், அளந்ததை எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள், பிறகு சட்டத்தைத் தொட்டார்கள். இங்கும் 2024-இல் தமிழக அரசு சிறு நீர்மின் திட்டங்களுக்கெனக் கொள்கை ஒன்றை வகுத்திருக்கிறது. ஆனால் கால்வாய் ஒரு துறையிடமும் மின்சாரம் இன்னொரு நிறுவனத்திடமும் இருக்கும்போது, எந்த டிராப்பில் எத்தனை மீட்டர், எந்த மாதத்தில் எத்தனை கன அடி என்ற விவரம் இரு பக்கத்தாரும் பார்க்கும்படி ஒரே தாளில் இல்லாவிட்டால் வேலை நகராது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் ஆற்றையே அளக்காமல் விட்டிருக்கிறோம்.

விவரம் இல்லை என்று சொல்ல முடியாது. அது சிதறிக் கிடக்கிறது. சென்ற ஆண்டு கால்வாய் அடைப்பின்போது ஒரு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் ஒருவர் எனக்காகப் பீரோவிலிருந்து, கால்வாய் போகும் வழியெல்லாம் அதன் உயரத்தைக் காட்டும் பழைய நீள்வெட்டு வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். நீலநிறத் தாள், மடிப்புகளில் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதை விரித்து, நான்கு முனையிலும் பதிவேடுகளை வைத்து, ஒரு கிளைக் கால்வாயின் டிராப்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தோம். ஒரு மீட்டருக்கு மேல் இறங்குபவை பதினொன்று இருந்தன. அவற்றில் மூன்றுக்குத்தான் ஓட்டத்தின் தினசரி அளவு பதிவேட்டில் கிடைத்தது. மற்ற எட்டு இடங்களில் அளவுகோலே அழிந்துபோயிருந்தது, அல்லது இருந்தும் எவரும் எழுதவில்லை.

அந்த எட்டில் இரண்டு, முன்பு சொன்ன லஸ்கரின் எல்லைக்குள் வருகின்றன. அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அவர் மகன் அதே கரையில் தினக்கூலியாகப் பணி செய்கிறார். உதவிப் பொறியாளரின் ஒப்புதலோடு இரண்டு இடங்களிலும் புதிதாக வண்ணம் பூசி அளவுகோல் வரைந்திருக்கிறோம். ஆகஸ்டில் தண்ணீர் திறந்ததும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து எழுதுவதாக அந்த மகன் சொல்லியிருக்கிறார். கட்டம் போட்ட நீண்ட நோட்டு இரண்டும், மழையில் நனையாமல் வைக்க ஒரு நெகிழி உறையும் சென்ற வாரம் வில்லிவாக்கத்திலிருந்து அனுப்பினேன். வந்து சேர்ந்ததாகவும், முதல் பக்கத்தில் தேதிகளை அப்பாவே எழுதிவிட்டதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.